நான் அறையைக் காலி செய்யவில்லை

ஏரியூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் இளம்பரிதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அங்கே நீயும் மருமகள் காவியாவும் குளிருக்கு அடக்கமாக இருந்து வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று யோசிப்பாய், போனில் என்றால் பாதியிலேயே நுழைந்து எனக்குப் புத்தி சொல்வாய், கடிதத்தை முழுசாகப் படித்துத்தானே ஆக வேண்டும். ஒரு மழை பெய்து மரவள்ளி தப்பித்தது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, அப்பா அதன் பின்னாலேயே திரிகிறார்.

திங்கட்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் ஏன் போனை வைத்தேன் என்று சொல்கிறேன். கல்லூரியில் நான் புளியங்கொட்டை மாவில் ரெசின் என்கிற பிசின் துகள் செய்வது உனக்குத் தெரியும். அமினோ அமிலங்களைப் பிரிக்க அதைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி மேலிருந்து கரைசலை விட வேண்டும், மின்னூட்டத்தைப் பொறுத்து ஒன்று சீக்கிரம் இறங்கும், இன்னொன்று ரெசினைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வரும். அந்த அமிலங்களில் லைசினும் ஆர்ஜினினும்தான் பிரியாமல் சேர்ந்தே வந்து என் உயிரை வாங்கின. போன வருஷம் பூராவும் மாவு தண்ணீரில் ஊதிக் குழாயை அடைத்தது, இந்த முறை இன்னும் இறுக்கமாகப் பிணைத்துச் செய்தேன். அன்று காலை கரைசல் இறங்கிக்கொண்டிருக்கும்போது துறைத் தலைவர் வெங்கடாசலம் சார் உடைந்த நாற்காலிகளோடு ஆட்களை அனுப்பிவிட்டார், என் அறை இனி ஸ்டோர் ரூமாம். நடுவில் நிறுத்தினால் ரெசின் காய்ந்து வெடித்துவிடும், பட்டபாடெல்லாம் வீண். ஸ்டூலை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவரே வந்தார். “மேடம், இதெல்லாம் ரெடிமேடா வாங்கிக்கலாங்க, ரிட்டயர்டு ஆகற நேரத்துல எதுக்குங்க இந்தப் பாடு?” என்றார். “வாங்கலாம் வாங்கலாம்னு எத்தினி வருசமா சொல்றீங்க சார், நம்ம புள்ளைங்க இன்னும் புஸ்தகத்துல படத்தப் பாத்துத்தான் பரிச்ச எழுதுதுங்க. இது எறங்கி முடியற வரைக்கும் நான் நவுற மாட்டனுங்க” என்றேன்.

அந்த நேரத்தில்தான் நீ கூப்பிட்டாய். விஷயத்தைச் சொன்னதும், “விட்டுத் தொலைம்மா, யாரு கேட்டா உன்ன? ஆகஸ்டுக்கு டிக்கெட் போட்டுட்டேன், வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து நிம்மதியா இரு” என்றாய். சார் சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை கண்ணு, நீ சொன்னது உறைத்தது. என்னை யாரும் கேட்கவில்லை, நிஜம். நீ மேல்படிப்புக்குக் கடல் தாண்டிப் போகிறேன் என்றபோதும் உன்னை யாரும் கேட்கவில்லை, நீயாகத்தான் போனாய், நான் பெட்டி கட்டிக் கொடுத்தேன்.

சாயங்காலம் நானும் ஆய்வகத்தில் கூட வேலை செய்யும் பானுமதியும் இறங்கியதை வரிசையாகப் பிடித்து வைத்த ஒவ்வொரு சோதனைக் குழாயிலிருந்தும் ஒரு சொட்டைக் காகிதத்தில் வைத்து, அமினோ அமிலம் இருந்தால் ஊதாவாக்கிக் காட்டும் நின்ஹைட்ரினைத் தெளித்துச் சூடு காட்டினோம். ஊதாப் புள்ளிகள் வந்தன, பிறகு வெறும் வெள்ளை, பிறகு மறுபடியும் ஊதா. லைசின் தனி, ஆர்ஜினின் தனி. “அக்கா, நடுவுல ஒண்ணுமே இல்லீங்க்கா!” என்று பானுமதி போட்ட சத்தத்தில் சாரே வந்துவிட்டார். காகிதத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, “நாளைக்கும் இப்பிடியே வருங்களா?” என்று கேட்டார். சரியான கேள்விதான். மறுநாள் வரவில்லை, குழாய் அடைத்துக்கொண்டது, ஆட்கள் பாதி அறைக்கு நாற்காலியை அடுக்கிவிட்டார்கள். அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன. புதன்கிழமை ரெசினைச் சலித்துப் பொடியை நீக்கிவிட்டு அந்த நாற்காலிகளுக்கு நடுவில் நின்றே மறுபடி ஓட்டினேன், வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது. மீதிப் பாதி அறையை அவர் கேட்கவில்லை, கேட்டாலும் கிடையாது. வரும் வாரம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் தாங்களே குழாயை நிரப்பப் போகிறார்கள்.

ஆகவே டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அப்பாவைக் கேட்டேன், “நீ வேலைய வுட்டுட்டு வூட்ல குந்திக்கிட்டா என்னால தாங்க முடியாது, அங்கயே போயி சண்ட போடு” என்கிறார். லீவு கிடைத்தால் நீங்கள் இருவரும் வாருங்கள், ஒகேனக்கல் போய் மீன் வறுவல் சாப்பிடலாம், ஆனால் என்னைக் கையோடு கூட்டிப் போகலாம் என்று வராதே. இருவரும் நீண்ட ஆயுளோடு ஒருவர் பேச்சுக்கு ஒருவர் காது கொடுத்து வாழ வேண்டும். காவியாவை இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடச் சொல்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உன் அம்மா,
கோகிலவாணி