இரண்டு வண்டியும் இருக்கும்

மார்ச் 4

அன்புள்ள ஆணிக்கு,

இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தானுக்கு முதுகுவலி, அது பழையது. எனக்குத் தலைவலி, அது புதிது. உன் கம்பெனி கொடுத்தது.

உன் கம்பெனியும் எதிர்க்கடைக்காரருக்கு வண்டி அனுப்பும் கம்பெனியும் ஒன்றாகின்றன என்று பேப்பரில் படித்தோம். மறுநாளே எங்களைப் போன்ற டீலர்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது. 'இரண்டு பிக்கப் வண்டியும் இருக்கும், கவலை வேண்டாம்.' கேட்காத கேள்விக்கு யாராவது பதில் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். அது உனக்கே தெரியும்.

நீயே யோசித்துப் பார். சின்ன வண்டி அவர்களிடம் இல்லை, பெரிய லாரி நம்மிடம் இல்லை. அதெல்லாம் சரி. இந்த நடுத்தர பிக்கப் மட்டும் இரண்டு பேரிடமும் இருக்கிறது. ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே விலை. ஒரு சமையலறையில் இரண்டு மிக்சியை யார் வைத்துக்கொள்வார்கள்?

எதிர்க்கடைக் கண்ணாடிக்காரரை உனக்கு நினைவிருக்கும். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கும் ஆள். இத்தனை வருஷம் என்னைக் கண்டால் வானத்தைப் பார்ப்பவர், நேற்று சாலையைக் கடந்து வந்து, "இனிமே நாம ஒரே குடும்பம்ங்க" என்றார். அவர் போனதும் அந்தச் சுற்றறிக்கையை எடுத்து இன்னொரு முறை படித்தேன்.

வண்டி வடிவமைக்கும் பிரிவில் உட்கார்ந்திருக்கிறாய், உனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்காது. நம் வண்டி இருக்குமா, போகுமா? அது போனால் இந்தக் கடையும் போகும், பின்னால் பட்டறையில் வேலை செய்பவர்களின் பிழைப்பும் போகும். பதிலைப் போனில் சொல்லாதே. யார் யார் கேட்கிறார்களோ. உன் போன கடிதத்து உறைகூடப் பிரித்து ஒட்டியதுபோல் இருந்தது. நல்ல பசையாகப் போடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

உறையைப் பிரித்து ஒட்டியது நான்தான். பாப்பா வரைந்த படத்தை உள்ளே வைக்க மறந்துவிட்டேன். உனக்கு எதற்குள்ளும் ஒரு ஆள் ஒளிந்திருக்க வேண்டும்.

வண்டி விஷயத்தை என்னிடம் கேட்காதே. சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீ டீலர், நான் உன் தம்பி. வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் கெட்ட பெயர்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த மாதம் இங்கிருந்து ஒருவர் வருவார். கண்ணாடிக்காரர் விற்கும் வண்டி ஒன்றைச் சில நாள் உன்னிடம் விடுவார். நம் வண்டியில் ஏற்றும் அதே சுமையை அதிலும் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். எது தேவலை என்று அவர் கேட்கும்போது மனசில் பட்டதை அப்படியே சொல். கூட்டாமல் குறைக்காமல் சொல். இவ்வளவு எழுதியதே அதிகம்.

அந்தக் கம்பெனியிலிருந்து எங்களுக்கு மேலதிகாரியாக வந்திருக்கும் அம்மா நல்ல மாதிரி. மதியம் எங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். காது கொடுத்துக் கேட்கிற ஆள்.

அத்தானைக் குனிந்து டயரைத் தூக்க விடாதே.

உன்
ஆணி


ஏப்ரல் 20

ஆணிக்கு,

அந்த வண்டி வந்தது. சிமெண்ட் மூட்டை அடுக்கிக் கல் குவாரி ஏற்றத்தில் விட்டோம். பாதி ஏற்றத்திலேயே பின்பக்கம் உட்கார்ந்து, அடிவயிறு கல்லில் உரசியது. நம் வண்டி அதே சுமையோடு முனகிக்கொண்டே மேலே போய் நின்றது. பட்டறை மேஸ்திரி இறங்கி வந்து, "இது காருக்குத் தொட்டி வெச்ச மாதிரி இருக்கும்மா. குடும்பத்தோட கடைக்குப் போகலாம், குவாரிக்குப் போக முடியாது" என்றார்.

ஆனால் நடுவில் எங்கள் டீலர் சங்கக் கூட்டம் ஒன்று நடந்தது. தலைவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நம்ம பழைய வண்டிய யார் தூக்கிப் பேசுறாங்கன்னு பாக்கத்தான் ஆள் அனுப்புறாங்க. ஒரே தெருவுல எதுக்கு ரெண்டு கடை? அடம் பிடிக்கிறவன் கடையத்தான் முதல்ல மூடுவாங்க. புத்தியோட பேசுங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

உங்கள் ஆள் வந்தார். சிரித்த முகம். போனை மேஜைமேல் வைத்து, "பதிவு பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன். நீ எனக்கு மறைக்கிறாய், நான் உனக்கு மறைக்கிறேன்.

கூட்டாமல் குறைக்காமல் சொல் என்று நீ எழுதினாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதை யார் எழுதச் சொன்னார்கள்? அந்த அம்மாவா? நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவனுக்கு இப்படி எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

அக்கா


ஜூன் 9

அக்கா,

முடிவாகிவிட்டது. இனிமேல் சொல்லலாம்.

இரண்டில் எந்த வண்டியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் குழுவில் நானும் இருந்தேன். கணக்குப் பிரிவு முதல் நாளிலிருந்தே அவர்கள் வண்டியின் பக்கம். நம் வண்டிக்காகப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் நான் சொன்னேன், விற்கிறவர்களைக் கேளுங்கள், சுமை ஏற்றிப் பார்த்தவர்கள் சொல்லட்டும் என்று. அது என் யோசனை. எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். சரி, கேட்போம் என்று பிடிவாதமாக நின்றவர் அந்த அம்மா ஒருவர்தான்.

உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். தவிர, நீ மனசில் பட்டதை எவன் முகத்துக்கும் நேராகச் சொல்கிறவள். சொல்ல வேண்டியதே இல்லை என்று இருந்துவிட்டேன்.

பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். நம் டீலர்கள் அத்தனை பேரும் அவர்கள் வண்டியைப் புகழ்ந்தார்கள். ஆனாலும் அக்காவுடையது வரட்டும், அக்கா சொல்வாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

உன் குரல் வந்தது. "வண்டின்னா இதுங்க. பட்டு மாதிரி போகுது. எங்க ஆளுங்க இனி இதத்தான் கேப்பாங்க."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க ஆளுங்களே சொல்லிட்டாங்களே. நான் இனிமே என்ன பேசறது?" என்றார்.

அடுத்த வருஷத்தோடு நம் வண்டி நின்றுவிடும். ஒரு தெருவுக்கு ஒரு கடைதான். அந்த வண்டியை ஏற்கெனவே விற்பவர் தொடர்வார். உனக்கு இன்னும் ஓலை வந்திருக்காது, அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் வண்டிக்காக இல்லை அக்கா. கதவைச் சாத்திப் பேசிய ஆளை நம்பினாய். என்னை நம்பவில்லை.

ஆணி


ஜூலை 2

அன்புள்ள ஆணிக்கு,

ஓலை வந்தது. அத்தான் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி கருவிகளைத் துடைத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

உன் கடிதத்தையும் முதலில் நம்பவில்லை. பழியை என்மேல் போட்டுத் தப்பிக்கிறாய் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். என் புத்தி அப்படி.

நேற்று கண்ணாடிக்காரர் வந்தார். குத்திக் காட்டத்தான் வருகிறார் என்று எழுந்துகூட நிற்கவில்லை. அவரிடமும் நம் வண்டியை விட்டுக் கேட்டார்களாம். "நீங்க என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டேன். "என்ன சொல்றது? உங்க வண்டிதான் ஏறுது, எங்களுது ஏறலைன்னு சொன்னேன். பாத்ததத்தானே சொல்ல முடியும்?" என்றார். நாங்கள் அத்தனை பேரும் மாற்றிச் சொன்ன இடத்தில் அவர் ஒரு குரல் எங்கே எடுபடும்? பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, "எதுக்குங்க பயம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அவர் வந்தது வேறு வேலையாக. குவாரிக்காரர்கள் இனி அவர் கடைக்குத்தான் வருவார்களாம், குவாரிச் சுமைக்கு உடையும் ஸ்பிரிங்கை மாற்றவே ஆள் போதாதாம். மேஸ்திரியையும் மற்றவர்களையும் அனுப்புவீர்களா என்றார். அனுப்புகிறேன் என்றேன். போகும்போது, கடையில் மிச்சமிருக்கும் நம் வண்டியில் ஒன்றைத் தன் சொந்த உபயோகத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நீ கேட்டது மனசில் பட்டது ஒன்றுதான். இப்போது சொல்கிறேன். நம் வண்டிதான் நல்ல வண்டி. ஏறுகிறது, தாங்குகிறது, நடு வழியில் விட்டுவிட்டுப் போகாது. இதனால் இனி யாருக்கும் பிரயோசனம் இல்லை என்று தெரியும். உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். பாப்பா படம் வரைந்தால் மட்டும் அனுப்பு.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

உன்
அக்கா