பாதி எண்ணெய்க்கு அப்பால்

இன்று காலை இஸ்திரிப் பெட்டியை வாங்கி வரப் பழுது பார்க்கும் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய டிவி ஒன்றின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு விசையைத் தட்டினார். சற்று நேரத்தில் சூடேறிய தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வந்தது. வந்த வேலையை மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னம்மா, வெடிச்சிரும்னு பயமா? ஒன்னும் ஆகாதுலா," என்றார் கடைக்காரர்.

பயமில்லை. ஈப்போவில் நான் வேலை பார்த்த கணினிக் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்த அதே வாசனை அது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்மூடி நான்கு வருடம் ஆகிறது. அந்தக் கதையைக் கணவன் மனைவி நாம் இருவருமே யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுங்காய் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மரங்களை லோரியில் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுவருவது உங்கள் வேலை. ஒரு நாள் சாலையோரத்தில் டயர் மாற்றும்போது இறுகிப்போன நட்டைச் சுத்தியலால் அடித்தீர்கள். தெறித்த இரும்புச் சில் இடது கண்ணில் பாய்ந்தது. பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தீர்கள். பார்வை திரும்பவில்லை. இனி லோரி ஓட்ட லைசென்ஸ் கிடைக்காது என்று மருத்துவர் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

அதன்பிறகு ஏழு மாதம் வீட்டிலேயே இருந்தீர்கள். கூட்டாளிகள் தேடி வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னீர்கள். ஒரு நாள் நீங்களே தேநீரை ஊற்றினீர்கள். அது கோப்பைக்கு ஒரு விரல் தள்ளி மேசையில் விழுந்தது. எது அருகில், எது தூரத்தில் என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பார்த்துவிட்டேன் என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் அப்போது அந்தக் கடையில் குமாஸ்தா. மாடியில் கணினி வகுப்பு நடக்கும். கடை முதலாளி சீனர்; தவுக்கே என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போது மாடியில் தட்டச்சுப் பழகிக்கொள்ளச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். உங்களைத் தனியாக விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. "மாடியில தனியா இருக்க பயமா இருக்குங்க, கூட வாங்க," என்று பொய் சொன்னேன்.

நான்கைந்து வாரம் சன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்தீர்கள். பிறகு ஒரு நாள், உங்கள் முகத்தை அப்படிப் பார்க்கச் சகிக்காமல், வகுப்புப் பிள்ளைகள் விட்டுப்போயிருந்த ஒரு வட்டைக் கணினியில் போட்டேன். விமானம் ஓட்டும் விளையாட்டு. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். தரை ஒரு பச்சைப் பட்டை, ஆறு ஒரு கோணல் கோடு, நகரம் நாலைந்து வெற்றுப் பெட்டிகள். விமானம் திரும்பினால் படம் விக்கி விக்கித்தான் நகரும்.

"என்னா இது, கோடு கோடா கிறுக்கி வச்சிருக்கான்?" என்றபடி பக்கத்தில் வந்தீர்கள். கொஞ்ச நேரம் திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "புள்ள, இது தட்டைதான?"

"ஆமாங்க, வெறும் கண்ணாடிதான்."

"அப்ப ரெண்டு கண்ணு உள்ளவனுக்கும் இப்படித்தான் தெரியுமா?"

"இப்படியேதான்."

திரையை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். "அப்ப இங்க எல்லாருக்கும் ஒத்தக் கண்ணுதான். தள்ளு, நான் ஓட்டுறேன்."

அந்த விளையாட்டோடு நகலெடுத்த இரண்டு தாள்கள் இருந்தன. எந்த விசை எதற்கு என்று அதில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பதால் நான் படித்துச் சொன்னேன். கடைசி வரியில் நின்றேன். இந்த விளையாட்டு நாட்டில், வரைபடத்தில் காட்டாத ஓரிடம் இருக்கிறது, தேடுகிறவர் கண்டுகொள்ளட்டும் என்று எழுதியிருந்தது.

"எவன் வச்சான்?"

"இந்த விளையாட்டச் செஞ்சவன்தான்."

"யாருக்கும் சொல்லாமயா?" உங்கள் முகத்தில் விபத்துக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. "ஒருத்தன் உக்காந்து, மெனக்கெட்டு, ஒன்னச் செஞ்சு ஒளிச்சு வச்சிருக்கான். நாம போயிப் பாக்கலன்னா அவன் செஞ்சது வீணாப் போயிரும்லா."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஈர்ப்பு புரிந்தது. அந்த விளையாட்டில் ஜெயிக்க எதுவும் இல்லை. சுட்டு வீழ்த்த எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை. முகம் தெரியாத ஒருவன் நமக்காக எங்கோ ஒன்றை விட்டு வைத்திருக்கிறான் என்ற ஒரே நம்பிக்கைதான். அது போதுமாக இருந்தது.

தேடல் ஆரம்பமானது. நீங்கள் ஓட்டுவீர்கள், நான் உயரத்தையும் விமானத்தை ஓட்டும் எண்ணெயின் அளவையும் காட்டும் மானிகளைப் படித்துச் சொல்லி நோட்டில் குறித்துக்கொள்வேன். எண்கள் உங்களுக்கு மனதில் நிற்காது. "ஆறு முழங்கை மாதிரி மடங்குற எடம்னு எழுது," என்பீர்கள். "எடது கைப்பக்கம் மொட்டை மலை. அதுக்கு அங்கிட்டு ஒன்னுமில்ல." எந்தச் சாலையையும் மலையாலும் கோவிலாலும் வளைவாலும் நினைவில் வைத்த லோரி டிரைவர் அல்லவா நீங்கள். இல்லாத அந்த நாட்டையும் அப்படித்தான் படித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்துகொள்ளத் தொடங்கினீர்கள்.

வகுப்பில் படித்த சுரேஷ் ஒரு நாள் விட்டுப்போன புத்தகத்தை எடுக்க வந்தான். "அண்ணே, ஏன் இவ்ளோ கஷ்டம்? எட நம்பர அடிச்சா நேரா அங்கயே கொண்டுபோய் விட்டுரும்லா. நான் நாப்பது நம்பர் போட்டுப் பாத்துட்டேன். ஒன்னுமே இல்ல. சும்மா எழுதியிருக்கான்."

"நீ போட்டுப் பாரு தம்பி," என்றீர்கள் திரும்பாமலே. "நான் ஓட்டித்தான் போவேன்."

ஒன்பது வாரம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு திசையில் போவோம், ஒன்றுமில்லாமல் திரும்புவோம். கடைசியில் எனக்குத்தான் பொறுமை போயிற்று. "இல்லாததத் தேடுறதுக்கு இவ்ளோ வைராக்கியம். வெளிய போயி ஒரு வேலயத் தேட மட்டும் முடியலயா?" என்று கேட்டுவிட்டேன். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் எழுந்து படியிறங்கிப் போய்விட்டீர்கள். அந்த வாரம் முழுதும் வீட்டில் பேச்சில்லை. நான் கேட்டது தப்பில்லை. கேட்ட விதம்தான் தப்பு. இதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நான் சேலை கட்டி முடிப்பதற்குள் நீங்கள் செருப்பு மாட்டி வாசலில் நின்றீர்கள். "வா, போலாம்."

அன்று நான் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருந்தது. அந்தக் கணினியைத் தவுக்கே விற்றுவிட்டார். அதற்குப் பதிலாக வருபவை வேறு வகை, இந்த வட்டு அவற்றில் ஓடாது. நமக்கு மிச்சம் அந்த ஒரு மதியம்தான்.

கேட்டுவிட்டு நீங்கள் கணினியைத் தொடவில்லை. "அந்த நோட்ட எடு. ஒவ்வொரு தடவையும் நாம எங்க திரும்பினோம்?"

பக்கம் பக்கமாகப் படித்தேன். திசைகள் வேறு வேறு. திரும்பிய இடம் மட்டும் ஒன்றுதான்: எண்ணெய் பாதியாகும் இடம்.

"ஏன் திரும்பினோம்?"

"பாதிக்கு மேல போனா திரும்பி வர எண்ணெ பத்தாதே. விழுந்துருவோம்."

"எல்லாரும் அப்படித்தான் திரும்புவான். ஒளிச்சு வச்சவனுக்கு அது தெரியாதா?" நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினீர்கள். "திரும்பி வர்றதுக்கு மிச்சம் வச்சுக்கிட்டே தேடியிருக்கோம் புள்ள. அதான் கெடைக்கல."

ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதச் சொன்ன பக்கமாகவே கிளம்பினோம். முழங்கை வளைவைத் தாண்டி, மொட்டை மலையைத் தாண்டி, ஆறு முடிந்த பிறகும் அதே திசையில் போனோம். முள் பாதிக்கு வந்தது. என் கை தானாக உங்கள் கைமேல் போயிற்று. நீங்கள் விலக்கவில்லை, திருப்பவும் இல்லை. கீழே வெறும் பச்சை. ஒரு கோடு கூட இல்லை. கால் பாகம். அதிலும் பாதி.

"என்னங்க..."

"இரு."

முள் அடியைத் தொட்டது. இயந்திரத்தின் சத்தமாக அதுவரை வந்துகொண்டிருந்த டக்டக் ஒலி நின்றது. மாடி முழுக்க அமைதி. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. உயரத்தை நான் படித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் திரையின் மேல் ஓரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி கோடானது. கோடு இரண்டானது. பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி.

அது ஓர் ஓடுபாதை. யாருமில்லாத இடத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத, குட்டையான ஓடுபாதை.

"அடப்பாவி," என்றீர்கள். "வர்றவன் எண்ணெ இல்லாமத்தான் வருவான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

இயந்திரம் இல்லாமல் இறக்கினீர்கள். ஒரு முறை துள்ளியது, இரண்டாம் முறை துள்ளியது, பாதையைக் கடந்து பச்சையில் ஓடி அந்தப் பெட்டியருகே நின்றது. விபத்து என்று திரையில் வரவில்லை. நின்ற சற்று நேரத்தில் எண்ணெய் முள் தானாக ஏறத் தொடங்கியது. நான் அழுதுவிட்டேன். நீங்கள் அழவில்லை, முள் உச்சிக்குப் போகும்வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கிளம்பலாமா?" என்றேன்.

"வண்டிய எடுத்த எடத்துல கொண்டுபோய் விடணும்ல?" என்று வந்த வழியெல்லாம் திரும்ப ஓட்டி, புறப்பட்ட விமான நிலையத்தில் இறக்கிய பிறகுதான் விசையை அணைத்தீர்கள். வெளியே வந்தபோது மாலை வெயில் சுண்ணாம்பு மலைகளின்மேல் இருந்தது.

மறுநாளே லோரிக் கம்பெனிக்குப் போனீர்கள். ஓட்ட முடியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்றார்கள். அந்த வாரமே இன்னொரு முறை போனீர்கள். மூன்றாம் முறை, எந்த லோரி எந்த வழியில் போனால் எத்தனை மணிக்குச் சேரும் என்று அங்கேயே நின்று சொன்னீர்களாம். லோரிகளை அனுப்பும் வேலையைக் கொடுத்து ஜெலாப்பாங் கிடங்குக்கு அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தீர்கள். ஒளித்து வைத்தவனின் ஓடுபாதையைப் பற்றி அங்கே யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. "சொல்லிட்டா அடுத்தவன் என்னாத்தத் தேடுவான்?" என்றீர்கள்.

உங்களுக்கு வேலை கிடைத்த பிறகு நானும் ஒன்று செய்தேன். வகுப்பு எடுக்கிறாயா என்று தவுக்கே ஒரு முறை கேட்டதற்கு, ஆங்கிலம் சரியாக வராது என்று மறுத்திருந்தேன். நானாகவே அவரிடம் போய், எடுக்கிறேன் என்றேன். முதல் நாள் பதினோரு பேர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்ததை வைத்துக்கொண்டு தொடங்கினேன். அந்த மாடியில் ஆசிரியையாகவே ஓய்வு பெற்றேன்.

இப்போது எனக்கு அறுபத்து மூன்று. நீங்கள் போன பிறகு வீட்டை விற்றுவிட்டுக் கோலாலம்பூருக்கு வந்துவிடச் சொல்கிறாள் மகள். வரவில்லை என்றேன். போன மாதம் கார் ஓட்டும் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் இந்த வயதிலா என்றார்கள். சொல்லிக்கொடுக்கும் பையன் தங்கமானவன். முந்தாநாள் ஊருக்கு வெளியே நேர்சாலையில் ஓட்ட விட்டான். கடைகள் முடிந்து, வீடுகள் முடிந்து, இரு பக்கமும் செம்பனை வந்தது.

"ஆன்ட்டி, மத்தவங்கல்லாம் இங்கதான் திரும்புவாங்க. திரும்பிரலாமா?" என்றான்.

வண்டியை நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்ச தூரம் போலாம் தம்பி," என்றேன்.