பேறுநூலின் மதிப்போலையை மீட்டுக்கொள்ளும் திருமுகம்

நலம் பெருகுக. மழை பிழையாதிருக்க. எழுதியதும் எழுதுவித்ததும் வாய்மையாகுக.

கடல் காக்கும் செவ்வாழி நாட்டையும் அதன் பதினெட்டுத் துறைகளையும் ஆளும் அரியணையில், தந்தையாருக்குப் பின் அமர்ந்திருக்கும் நல்லமங்கைத் தேவியாராகிய நாம், முத்தூர்த்துறை அரண்மனையிலிருந்து எழுதுவிப்பது. மேற்கெல்லையின் காவலரும், எம் குலத்துக்கு மூன்று தலைமுறையாகத் தோள் கொடுத்து வருபவரும், கருமலை நாட்டு ஏழூத்து நகர்க்கு உரியவருமாகிய வேள் கொற்றங்குமரனார் திருமுன் இவ்வோலை சேர்க. தங்கள் மலையில் தினை விளைந்து, சுனை நிறைந்து, மனையோரும் மக்களும் நோயின்றி இருப்பார்களாக. இங்கும் யாவரும் நலம். ஆயினும் இவ்வோலை நலம் விசாரிக்க எழுந்ததன்று. ஒரு பிழையைச் சொல்ல எழுந்தது. பிழை தங்களுடையதன்று. அதைச் செய்தவர் எம் அவையினர். செய்தபோது பார்த்துக்கொண்டிருந்தவர் நாம்.

ஆண்டுதோறும் சித்திரையில் புதிய சுவடிகள் எம் ஏட்டகத்துக்கு வருவதும், அவற்றை மதிப்பாசிரியர் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் ஓலையில் மதிப்புரை எழுதி அவையில் வாசிப்பதும் தாங்கள் அறிந்தவை. நன்று என்று மதிப்போலை பெற்ற நூல் ஏழு படிகள் எடுக்கப்பட்டு ஏழு நகர்களுக்குச் செல்லும். தீது என்று பெற்ற நூல் ஏட்டகத்தின் பின்கொட்டிலுக்குப் போகும். அதன் மதிப்போலை மட்டும் ஆசிரியரின் ஊருக்குச் சென்று, மன்றத்தில் முரசறைந்து படிக்கப்படும். மதிப்பவர் நூலாசிரியரின் முகம் காணவோ, அவரிடம் ஒரு சொல் கேட்கவோ கூடாது என்பதும் எம் பாட்டனார் வகுத்த விதி. முகத்தைப் பார்த்தால் மதிப்பு சாய்ந்துவிடும் என்று அவர் அஞ்சினார். நல்ல எண்ணத்தில்தான் வகுத்தார்.

அந்த இருக்கையில் இருபத்தாறு ஆண்டுகளாக இருப்பவர் மாதவச்சேரிச் சடையனார். அவர் ஒருவரிடமும் கை நீட்டியவர் அல்லர். எவருக்கும் அஞ்சியவரும் அல்லர். எம் சிறிய தந்தையார் எழுதிய போர்ச்சரிதத்தை, நடக்காத போரில் இறக்காதவர்களுக்காக நானூறு பாட்டு என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார். தம் சொந்த மைத்துனரின் காதற்பாடல்களைப் பற்றி, காதலியின் கண்ணுக்கு அறுபது பாட்டு இருக்கிறது, அவள் வாய் திறந்து ஒரு சொல் பேசினாளா என்று தேடினோம், அகப்படவில்லை என்று எழுதினார். அந்த மைத்துனர் இன்றுவரை அவர் வீட்டுப் படி ஏறவில்லை. அதே கையால், கப்பல் தச்சர் ஒருவர் மரத்தேர்வு பற்றி எழுதிய நூலுக்கு, இதைப் படித்தபின் தோப்பில் நடந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது என்று எழுதி, அந்தத் தச்சரை நாடறியச் செய்தார். பாட்டென்றாலும் சரிதமென்றாலும் சமையல் நூலென்றாலும் ஒரே தராசுதான் என்பது அவருடைய பெருமை. எமக்கும் அது பெருமையாகவே இருந்தது.

ஆனால் காலப்போக்கில் ஒன்று நேர்ந்தது. நூலைக் கேட்க வந்த கூட்டம் போய், மதிப்போலையைக் கேட்க வரும் கூட்டமாக எம் அவை மாறிற்று. சடையனார் ஓலையைக் கையில் எடுத்தாலே முன்வரிசையில் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அந்தச் சிரிப்பு தமக்குப் பிடித்திருந்தது என்று அவரே இப்போது எம்மிடம் ஒப்புக்கொள்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஏழூத்திலிருந்து மருத்துவச்சி மாராத்தாள் எழுதிய பேறுநூல், எண்பத்து நான்கு ஏடுகள், இந்தக் கூட்டத்தின் முன்னால்தான் வந்து விழுந்தது.

அன்றைய மதிப்போலை தங்களிடம் இருக்கிறது. ஆயினும் இங்கே சொல்லியாக வேண்டும். முதல் ஏட்டில் பிள்ளை பிறந்துவிடுகிறது. பத்தாம் ஏட்டில்தான் தாய்க்கு வலி எடுக்கிறது. இன்னும் சிறிது பொறுத்தால் அவளுக்குத் திருமணமும் ஆகும் என்று காத்திருந்தோம் என்று சடையனார் வாசித்தார். அவை சிரிப்பில் அதிர்ந்தது. பிறகு, ஓரிடத்தில் மருத்துவச்சி ஒன்றும் செய்யாமலும் ஒன்றும் பேசாமலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறது இந்நூல், அதற்கு மருத்துவச்சி எதற்கு, திண்டு ஒன்று போதாதா என்று வாசித்தார். சிரித்தவர்களுள் நாமும் ஒருவர். இதை மறைக்க எமக்கு வழியிருந்தது. மறைக்க மனம் வரவில்லை.

அந்த ஓலை எம் முத்திரையோடு ஏழூத்து மன்றத்தில் முரசறைந்து படிக்கப்பட்டது. தாங்கள் எம் முத்திரையை நம்பி, தலைகால் தெரியாதவர் கையில் பேறு பார்க்கும் பணி இருத்தலாகாது என்று மாராத்தாளை அப்பணியிலிருந்து விலக்கினீர்கள். தங்கள் இடத்தில் நாம் இருந்தாலும் அதையே செய்திருப்போம்.

இந்தச் சித்திரையில், கருமலையிலிருந்து செம்பான் என்னும் பொதிமாட்டுக்காரர் மாட்டு நோய்களுக்கு மருந்து சொல்லும் வாகடம் ஒன்றைத் தாமே சுமந்து வந்தார். அவர் தமையனார் எழுதியது. சுவடிகள் அடுக்கில் ஒரே அளவாக நிற்க வேண்டும் என்பதற்காக, வந்தவற்றைக் கட்டவிழ்த்து, எண்ணெய் பூசி உலர்த்தி, ஓரங்களைச் சமமாக வெட்டி வாரி, ஏட்டின் எண்ணைப் பார்த்து மீண்டும் கோப்பது எம் ஏட்டகத்தின் வழக்கம். செம்பானோ சுவடியை விடமாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டு, ஏடு வாரும் கொட்டிலின் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். அவ்வழியே சென்ற சடையனார் ஏன் என்று கேட்க, செம்பான் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறோம்:

“ஏனுங்க, ஓரத்தை வெட்டிப் போடச் சொல்லாதீங்க. எங்கூர்ல ஏட்டுக்கு எண்ணெல்லாம் எழுதறதில்லீங்க. வரிசையே அந்த ஓரத்து வெட்டுலதானுங்க இருக்குது. அது போச்சுன்னா இது வெறும் ஓலைக்கட்டுங்க.”

சடையனார் அந்தச் சுவடியை வாங்கிப் பார்த்தார். ஏட்டுக்கு ஏடு ஓரத்தில் கத்தியால் கீறிய சிறு வெட்டுகள் இருந்தன. ஐந்துக்கு ஒன்று ஆழமாக இருந்தது. விரலால் தடவினாலே எந்த ஏடு என்று தெரியும். கண் மங்கியவரும் இருட்டில் கோத்துவிடலாம். அவர் நேரே பின்கொட்டிலுக்குப் போய் மாராத்தாளின் நூலைத் தேடி எடுத்தார். எண்பத்து நான்கு ஏடுகளும் எண்ணெய் மணக்க, ஓரம் வழுவழுவென்று வாரப்பட்டு, ஒரு குறியும் இல்லாமல் இருந்தன. எண் இல்லாத ஏடுகளை எம் ஆட்கள் கைக்கு வந்தபடி கோத்திருந்தார்கள். தலைகால் தெரியாமல் போனது நூலுக்கன்று, எம் ஏட்டகத்துக்கு. அதைத் தலைகால் தெரியாதது என்று இகழ்ந்தவர் தாம் என்பது அங்கேயே அவருக்கு விளங்கிவிட்டது.

அவர் திரும்பி வந்து மாராத்தாள் எப்படி இருக்கிறார் என்று செம்பானிடம் கேட்டார். செம்பான் சொன்னது:

“அந்தம்மாள இப்ப ஆரும் கூப்பிடறதில்லீங்க. எங்க ஊட்டுல பொறந்த மூணும் அந்தம்மா கையில பொறந்ததுதானுங்க. நாலாவதுக்குக் கூப்பிட மன்றத்துக்குப் பயந்துக்கிட்டோமுங்க.”

நாலாவது என்ன ஆயிற்று என்று சடையனார் கேட்கவில்லை. செம்பானும் சொல்லவில்லை.

பின்னர் சடையனார் அந்த ஏடுகளைத் தம் வீட்டுக் கூடத்தில் பரப்பி, பொருளைக் கொண்டு வரிசை காண இருபத்தொரு நாள் முயன்றார். ஐந்து இலக்கணமும் கரைத்துக் குடித்தவர். ஏழெட்டு ஏடுகளுக்கு மேல் கோக்க முடியவில்லை. இறுதியில் வெட்கத்தை விட்டு, எம் அரண்மனை மருத்துவச்சி பூவாயியை அழைத்து உதவி கேட்டார். ஏட்டை ஒருவர் வாசிக்க வாசிக்க, பூவாயி இது முன்னால், அது பின்னால் என்று கையைக் காட்டிக்கொண்டே போனார். உச்சிப்பொழுதுக்குள் எண்பத்தொரு ஏடுகள் வரிசையாகிவிட்டன. மூன்று ஏடுகள் மட்டும் மலைநாட்டு மூலிகைகளைப் பற்றியவை. அவை எங்கே அமரும் என்று பூவாயிக்கும் தெரியவில்லை. சடையனார் வியந்து நிற்க, பூவாயி இப்படிச் சொன்னாராம்:

“அந்த வேலை எப்படி நடக்குமோ அப்படியேதான சாமி எழுதியிருக்கு. மூணு வருசத்துக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.”

பூவாயி இருக்கும் மனை, சடையனாரின் இருக்கையிலிருந்து இரண்டு முற்றம் தள்ளி இருக்கிறது. நூலாசிரியரைக் கேட்கலாகாது என்றுதான் விதி. தொழில் தெரிந்த இன்னொருவரைக் கேட்கலாகாது என்று எந்த விதியும் இல்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வரிசையான நூலை அவர் மீண்டும் படித்தார்; நாமும் படித்தோம். பேறு நடக்கும் வீட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பதில் அது தொடங்குகிறது. முழங்கை வரை கழுவு, பிறகு வேண்டுமோ வேண்டாமோ மாமியாரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிடு என்கிறது. வலியில் இருப்பவளிடம் பொய் சொல்லாதே, இன்னும் நேரமாகும் என்றால் ஆகும் என்றே சொல் என்கிறது. அலங்காரமாக ஒரு சொல் கிடையாது, வேண்டாத சொல்லும் கிடையாது. கடைசி ஏடு, பிள்ளை தங்காமல் போன தாயைப் பற்றியது. அவளுக்கு ஆறுதல் சொல்லாதே, காரணம் சொல்லாதே, அடுத்த பிள்ளையைப் பற்றி வாயே திறக்காதே, ஒன்றும் செய்யாமல் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு என்று மாராத்தாள் எழுதியிருக்கிறார்.

அன்று எம் அவை அதிரச் சிரித்தது இந்த ஏட்டைக் கேட்டுத்தான், வேளே. எமக்கும் முதற்பிள்ளை தங்கவில்லை என்பது தாங்கள் அறிந்ததே. அன்று எம் படுக்கையைச் சுற்றி நின்று பேசாதவர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட நாமே சிரித்தோம்.

சடையனார் அவை கூட்டச் சொல்லி, அதே இடத்தில் நின்று நடந்ததைச் சொன்னார்; தாமே ஏழூத்துக்குப் போவதாகவும் சொன்னார். அமைச்சர்கள் தடுத்தார்கள். ஒரு மதிப்பு பிழை என்று அரண்மனை ஒப்புக்கொண்டால் இருபத்தாறு ஆண்டும் திருப்பப்பட்ட நூலாசிரியர் அத்தனை பேரும் வாயிலில் வந்து நிற்பார்கள் என்றார்கள். வரட்டும் என்றோம். அவர்களுள் வேறொரு மாராத்தாள் இருந்தால் நாம் அறிய வேண்டாமா? மதிப்போலையை மீட்டுக்கொள்கிறோம் என்று எம் முத்திரையில் ஒரு வரி அனுப்பினால் போதுமே, முதியவர் எதற்கு மலையேற வேண்டும் என்று நாமே சடையனாரிடம் கேட்டோம். ஊர் நடுவில் இகழ்ந்ததை ஊர் நடுவில் நின்று இகழ்ந்தவரே திரும்பப் பெறவில்லையென்றால் அந்த அம்மையாரின் கதவை எவரும் தட்டமாட்டார்கள் என்று அவர் விடை சொன்னார்.

ஆகவே ஆணையாவது. இவ்வோலை சேர்ந்த நாள் முதல், மருத்துவச்சி மாராத்தாள் முன்போல் தம் பணிக்கு உரியவர். அதை ஏழூத்து மன்றத்தில், முன்பு முரசறைந்த அதே இடத்தில் முரசறைந்து சொல்லச் செய்க. அந்த மூன்று ஏடுகளையும் தனியே முடிந்து அனுப்பியிருக்கிறோம். அவை எங்கே அமரும் என்று அவர் வாயால் கேட்டறியும் வரை, பேறுநூலை எங்கும் படியெடுக்கக் கூடாது. அறிந்தபின் ஏழு நகர்களுக்கன்று, பதினெட்டுத் துறைகளுக்கும் படியெடுக்கப்படும். பழைய மதிப்போலையை எரிப்பதோ வைத்திருப்பதோ அவர் விருப்பம். இனி எந்த நூலும், அந்தத் தொழில் அறிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டப்படாமல் எம் அவையில் மதிப்பிடப்படாது. வந்த வரிசையில் எண்ணிடாமல் எந்தச் சுவடியின் ஓரமும் வாரப்படாது. பாட்டனாரின் விதியையும் இன்றோடு நீக்கினோம். ஐயம் உண்டானால் நூலாசிரியரையே கேட்கலாம். மாராத்தாள் என்ன சொன்னாலும், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும், அவரை எவரும் தடுக்கவோ வற்புறுத்தவோ வேண்டாம்.

இன்னும் ஒன்று. இவ்வோலையைக் கொண்டுவந்தவரைத் தூதர் என்று எண்ணியிருப்பீர்கள். தங்கள் அவையில் இந்த வரியை இப்போது படித்துக்கொண்டிருப்பவர் சடையனார். குரல் எங்கேனும் தடைப்பட்டிருந்தால் பொறுத்தருள்க. ஓலையை வேறெவரும் வாங்கிப் படிக்க வேண்டாம். நாளை மன்றத்தில், மாராத்தாளின் முன்னிலையில், முதல் வரியிலிருந்து அவரே மீண்டும் படிப்பார்.

ஆனித் திங்கள் ஒன்பதாம் நாள், எம் கைச்சாத்தும் மீன்கொத்தி முத்திரையும் இட்டு, நல்லமங்கை எழுதுவித்தது.