ஒருத்தியாக மடிக்கும் போர்வை

பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர், இஸ்திரி போடும் மூவர், என்னோடு போர்வை மடிக்கும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண், நான், ஆக ஆறு பேர் இருந்தோம்.

"கண்ண மூடிக்கிட்டு, டீமை யாரு பின்னால இழுக்குறாங்களோ அவங்களக் கை காட்டுங்க. அப்பதான் ரோஷம் வரும்" என்றார் சூப்பர்வைசர்.

கண்ணை மூடினால் எனக்குக் கை தானாகக் குவிந்துவிடுமே! கும்பிட்டபடியே திறந்து பார்த்தேன். நான்கு விரலும் என்னைத்தான் காட்டின. கறை போகாததை நான் மறுபடி துவைக்கத் திருப்பி அனுப்புவதால் எல்லோருக்கும் தாமதமாம்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. உங்களக் காட்டலன்னா என்னக் காட்டியிருப்பாங்க" என்றாள் தங்கச்சி.

இன்று எனக்குத் தனி மேசை. மறுமுனை பிடிக்க ஆளில்லாமல் போர்வை தரையில் புரளுகிறது. கும்பிடவும் கை எழவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.