ரோஷினியின் குதிகால்

12 மார்ச் 2025, புதன்

இன்று ரோஷினி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்தாள் என்று சொல்லக்கூடாது. சமையலறை வாசலிலிருந்து அரிசி மூட்டை வரை நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தாள். பதினொரு அடி. கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. நான் தரையோடு தலையை வைத்துப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் சிமெண்டில் பதிந்திருந்தன.

பிறந்த அன்று இந்தப் பாதங்கள் உள்பக்கமாக மடங்கி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. வளைபாதம் என்றார்கள். இருபதாம் நாளிலிருந்து வாரா வாரம் மதுரைக்குப் போய் மாவுக்கட்டு. பிறகு குதிகால் நரம்பில் சின்னதாக ஒரு வெட்டு. அதற்குப் பிறகு கம்பி பூட்ஸ் – இரண்டு பூட்ஸையும் ஒரு கம்பி இணைத்திருக்கும், பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியபடி. இப்போது தூங்கும்போது மட்டும் போட்டால் போதும். ஆனால் நாலு வயது வரை. "ஒரு ராத்திரி கூட விடக்கூடாதும்மா" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

எதிர்வீட்டுத் தங்கச்செல்வி அக்கா மகளும் இவளும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அது தெரு முழுக்க ஓடுகிறது. இன்று எங்கள் வாசலில் வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியது. பட் பட் பட்டென்று அந்தச் சத்தம்! என் வீட்டுக்குள் அது எப்போது கேட்கும்?

19 மார்ச்

ரோஷினி அப்பா நேற்று வந்து இன்று போய்விட்டார். லாரியில் கோயம்புத்தூருக்கு நூல் லோடு. பதினொரு அடியைச் சொன்னேன். "வீடியோ எடுத்து அனுப்பு" என்றார். போனைக் கண்டால் இவள் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டுகிறாளே, எதை எடுப்பது?

28 மார்ச், வெள்ளி

பாண்டீஸ்வரி மதினி வந்தார். ரோஷினி அப்பாவுக்கு அக்கா, பக்கத்து வீடுதான். மில் வேனிலிருந்து இறங்கியவர் தலையில் பஞ்சு ஒட்டியிருக்க நேராக இங்கே வந்தார். இந்த வருட அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அவர் அக்கினிச்சட்டி எடுக்கிறாராம். ரோஷினி காலுக்காக.

"ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன் புள்ள. இவ தன்னால நடந்து வந்து எம் மடில ஏறணும். அம்புட்டுத்தேன்."

மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக் கால் உருவைக் காட்டினார். ஒரு ஜோடி. இவள் அதை வாயில் வைக்கப் பார்த்தாள். "ஏ, சாமிக்கு உள்ளதுடி!" என்று பிடுங்கிக்கொண்டு சிரித்தார். கிளம்பும்போது சொன்னார்: "அப்புறம், செவ்வாக்கெழம காப்புக் கட்டு. அந்தப் பூட்ஸ எங்குட்டாச்சும் எடுத்து வச்சிரு. காப்புக் கட்டிட்டா ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடமாட்டாகள்ல. அது தோலு வேற. நான் சட்டி எடுக்குற வீடு."

"சரி மதினி" என்றேன்.

சரி என்றேன்!

31 மார்ச்

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை போனேன். முதல் முறை சீனி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது முறை வாங்கிய சீனியைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது முறை அவரே கேட்டார்: "என்ன புள்ள, சீனி டப்பாவத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போற?" சும்மா என்றேன்.

ரோஷினி அப்பாவிடம் போனில் சொன்னேன். "எட்டு நாள்தான யுவராணி. அக்கா நம்ம பிள்ளைக்காகத்தான நெருப்பத் தூக்குது. நீ போயி அதுகிட்டச் சட்டம் பேசாத."

இன்றே பாலவனத்தத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா? காப்புக் கட்டிவிட்டால் ஊரைவிட்டுப் போய் ராத்தங்கக் கூடாது. அதற்கு முன்னால் போனால் தப்பில்லை. ஆனால் யாருக்காகச் சட்டி எடுக்கிறாரோ அந்தப் பிள்ளையையே தூக்கிக்கொண்டு போனால்?

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டவில்லை. நான் பி.எஸ்ஸி. கணிதம். செமினார் அன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டு பத்து மார்க்கை விட்டவள். வாய் திறக்காதவளுக்குப் பட்டம் எதற்கு?

1 ஏப்ரல்

காப்புக் கட்டியாயிற்று. பூட்ஸ் பீரோவுக்கு மேலே.

3 ஏப்ரல்

கம்பி இல்லாமல் தூங்குகிறாள். ஒருக்களித்து, கால்மேல் கால் போட்டு, முழங்காலை என் வயிற்றில் ஊன்றிக்கொண்டு. இவளை இப்படி முழுசாக அணைத்துக்கொண்டு நான் தூங்கியதே இல்லை. எப்போதும் எங்களுக்கு நடுவில் அந்தக் கம்பி இருக்கும்.

எழுதவே பயமாக இருக்கிறது. எனக்கு நன்றாக இருந்தது.

8 ஏப்ரல்

மதினி சட்டி எடுத்தார். மத்தியான வெயிலில் தார் ரோடு. தெருவே தண்ணீரும் மஞ்சளுமாகக் கிடந்தது. எங்கள் வாசலில் நின்றபோது அவர் காலில் நான் மஞ்சத்தண்ணீர் ஊற்றினேன். என்னைப் பார்க்கவில்லை, என் இடுப்பிலிருந்த ரோஷினியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டிக்குப் பின்னால் அவர் முகம் தகதகவென்று இருந்தது.

மாலையில் பார்த்தேன், இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். என் மகள் காலுக்காக.

10 ஏப்ரல்

நேற்றுக் காப்பு அவிழ்த்தாயிற்று. பூட்ஸை எடுத்தேன். குதிகால் உள்ளே இறங்கவில்லை. வாரை இழுத்துக் கட்டினாலும் மேலே எழும்பி வந்துவிடுகிறது. எட்டு நாளில் கால் வளர்ந்துவிட்டதா? இல்லை, வளரவில்லை. எனக்குத் தெரியும்.

15 ஏப்ரல்

ஐந்து ராத்திரி. கம்பியால் பாயை அடித்து அடித்து அழுகிறாள். வலது குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. இன்று நானே கழற்றிவிட்டேன். யாரும் சொல்லவில்லை. நானே.

23 ஏப்ரல், புதன்

மதுரை. டாக்டரம்மா பாதத்தை மேலே தள்ளிப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். "எத்தன நாள் போடல?"

"ரெண்டு நாள்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குழந்தையின் குதிகாலில் வைத்தார். அங்கே குதிகாலே இல்லை. மெத்தென்ற வெறும் சதை. எலும்பு மேலே ஏறிவிட்டது. பாதம் உள்ளே திரும்பத் தொடங்கிவிட்டது. ரெண்டு நாளில் இப்படி ஆகாது என்று அவருக்குத் தெரியாதா?

மறுபடி மாவுக்கட்டு. தொடை வரைக்கும். கட்டுப் போடும் காளிராஜ் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்னம்மா, பாப்பாவுக்கு எங்க ஞாபகம் வந்துருச்சா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மாவுத் துணியைத் தண்ணீரில் முக்கத் தொடங்கினார்.

ஐயோ, சுவரப் புடிச்சு நின்னாளே. பதினோரு அடி போனாளே. எம் புள்ள நின்னாளே. நாந்தான் கெடுத்தேன்.

24 ஏப்ரல்

காலையில் மதினி பார்த்துவிட்டார். "ஏன் புள்ள திரும்ப மாவுக்கட்டு? சட்டி எடுத்து இருவது நாள் ஆகல..."

"பூட்ஸு போடாததுதான் மதினி. அந்த எட்டு நாளு. அப்புறம் என்னாலயும்."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குரல் என்னுடையது மாதிரியே இல்லை. அவர் நின்றார். ரோஷினியின் மாவுக்கட்டை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார், டொக் டொக்கென்று, கதவைத் தட்டுவது போல. பிறகு போய்விட்டார். மில் வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டு, அவரை ஏற்றாமலே போனது.

28 ஏப்ரல்

நாலு நாளாக மதினி வரவில்லை. ரோஷினி பக்கத்துச் சுவரைப் பார்த்து "த்தை, த்தை" என்கிறாள்.

30 ஏப்ரல், புதன்

விடிவதற்குள் கதவு தட்டும் சத்தம். மதினி. குளித்து, பூ வைத்து, தோளில் பையோடு. "மில்லுல லீவு சொல்லிட்டேன். நானும் வாரேன்."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு காலும் கட்டோடு நீட்டிக்கொண்டிருக்க, முன்சீட்டுக்காரர் முதுகில் இடித்தது. அவர் திரும்பி முறைத்தார். "பிள்ளைக்குக் கட்டுப் போட்டுருக்கு. உங்க முதுகுக்குமா போட்டுருக்கு? செத்த நகண்டு உக்காருங்களேன்" என்றார் மதினி. நானாக இருந்தால் மதுரை வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போயிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் நாற்பது குழந்தைகள் இருக்கும், எல்லோருக்கும் இதே பாதம். ஒரு பையனுக்கு ஏழு வயது. பாதத்தின் மேல்பக்கத்தை ஊன்றி நடந்தான். அங்கே தோல் காய்த்துப்போயிருந்தது. மதினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அம்மா, "நாங்க பூட்ஸ பாதியில விட்டுட்டோம்க்கா" என்றாள், சோறு தின்னாச்சா என்று கேட்கிற குரலில்.

14 மே

கத்திரி வெயில். கட்டுக்குள் வியர்த்து அரிக்கிறது, இவளுக்குச் சொறியத் தெரியவில்லை, கட்டின்மேல் அறைகிறாள். மதினி பனைவிசிறியின் முனையைக் கட்டு விளிம்பில் வைத்து வீசுகிறார். ஒரு மணி நேரமாக. கை மாற்ற நான் போனால், "நீ போயிச் சோத்தப் பாரு."

21 மே

காளிராஜ் அண்ணன் மதினியிடம், "நீங்கதான் பாட்டியா?" என்று கேட்டுவிட்டார். "எனக்கு நாப்பத்திரெண்டு வயசுதேன் ஆகுது. கண்ணுக்கும் ஒரு கட்டுப் போடுங்க" என்றார் மதினி. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

4 ஜூன், புதன்

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கால்கள் வெளுத்து, மெலிந்து, தோல் உரிந்து. ஆனால் குதிகால் கீழே இறங்கியிருக்கிறது. புது பூட்ஸ். ஆறு வாரம் இரவும் பகலும், அதற்குப் பிறகு தூக்கத்தில். டாக்டரம்மா பூட்ஸை என்னிடம் நீட்டினார். மதினி வாங்கிக்கொண்டார். "எந்த ஓட்டைல மாட்டணும்னு எனக்குக் காட்டுங்க."

20 ஜூன்

நான் மாட்டினால் அழுகிறாள். அவர் மாட்டினால் அழுவதில்லை. முதலில் முழங்காலை மடக்கி, குதிகாலைப் பெருவிரலால் உள்ளே அழுத்தி, நடு வார், மூன்றாவது ஓட்டை. இதையெல்லாம் ஒரு கதை போலச் சொல்லிக்கொண்டே செய்கிறார். பொறாமையாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

16 ஜூலை

இன்றிலிருந்து பகலில் வெறுங்கால். நிற்க மறந்துவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருக்கிறாள்.

29 ஜூலை

நின்றாள். அரிசி மூட்டையைப் பிடித்து. கனவில் இவள் தினமும் ஓடுகிறாள். நான் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே ஓடுகிறேன். விழித்தால் கம்பி என் இடுப்பில் இடிக்கிறது.

7 ஆகஸ்ட், வியாழன்

அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடைக்குப் பில் போட ஆள் வேண்டுமென்று ரோஷினி அப்பா சொல்லியிருந்தார். போனேன். மூன்று கேள்வி கேட்டார்கள், இரண்டுக்குப் பதில் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மதினிக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். வந்ததும் அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

திரும்பும்போது ஆறரை மணி. மதினி எங்கள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் விளக்கு எரிகிறது. விளக்கு வைத்த பிறகு துடைப்பத்தைக் கையில் எடுத்தால் என்னைத் திட்டுகிறவர் அவர்தான்!

"என்ன மதினி, இந்நேரம்?"

"சும்மா. குப்பையாக் கெடந்துச்சு." என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் வீங்கியிருந்தது.

"ரோஷினி?"

"அவளுக்கென்ன. ஒண்ணுமில்ல. தின்னா, வெளாண்டா."

அவர் போனபிறகு கைகால் கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். தண்ணீர் சிந்தி அந்தப் பக்கம் கரிசல் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே துடைப்பம் எட்டவில்லை. மூன்று சின்னப் பாதம். ஒன்றன்பின் ஒன்றாக, விரலும் குதிகாலும் முழுசாக. பக்கத்தில் பெரிய ஆள் கால்தடம் எதுவும் இல்லை. பிடித்துக்கொள்ளச் சுவரும் இல்லை.

நடந்திருக்கிறாள். நான் இல்லாதபோது. நான் பார்த்திருக்க வேண்டியதைத் தான் பார்த்துவிட்டோமே என்று மதினி தடத்தைப் பெருக்கிவிட்டார்.

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சேலை எல்லாம் ஈரம். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஏன் இன்றைக்குப் பார்த்துப் போனேன்? ஒரு பஸ்ஸு முந்தி வந்திருக்கக் கூடாதா?

8 ஆகஸ்ட், வெள்ளி

இன்று என் முன்னால் நடந்தாள். அரிசி மூட்டையை விட்டுவிட்டு, நாலு அடி, என் கைக்குள் வந்து விழுந்தாள். என் கழுத்தில் அவள் மூச்சு சூடாக இருந்தது.

வாசலில் நின்ற மதினி கத்தினார்: "ஏ! ஏ யுவராணி! பாத்தியா! நடந்துட்டா புள்ள! மொத அடி! மொதமொதோ அடி!" தெருவே கூடிவிட்டது. அவருக்கு நடிக்கவே வரவில்லை. 'மொத அடி'யை ஆளாளுக்கு ஒரு தடவை சொன்னார்.

நானும் ஆமாம் என்றேன்.

13 ஆகஸ்ட், புதன்

மதுரை. காளிராஜ் அண்ணன் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "பாப்பா எப்ப மொதல்ல நடந்துச்சு?"

மதினி முந்திக்கொண்டார். "வெள்ளிக்கெழமங்க. எட்டாம் தேதி. இவ கண்ணு முன்னாலதேன்."

"இல்லண்ணே" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. "வியாழக்கிழமை. ஏழாம் தேதி சாயங்காலம். நான் வீட்டுல இல்ல. மதினிதான் பாத்தாக."

அவர் எழுதிக்கொண்டார். மதினி கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

பஸ்ஸில் ரோஷினி இருவர் மடியிலுமாகக் குறுக்கே தூங்கிக்கொண்டிருந்தாள், பூட்ஸோடு. காரியாபட்டியில் கூட்டம் இறங்கியபிறகு, வெளியே பார்த்தபடியே மதினி கேட்டார்: "எத்தன அடின்னு கேக்கமாட்டியா?"

"எத்தன மதினி?"

"அஞ்சு. தொட்டிகிட்ட இருந்து. வலது கால்தேன் மொதல்ல வச்சா."

சொல்லத் தொடங்கினார். எப்படித் தொட்டியை விட்டாள், எப்படி ஆடினாள், ஆறாவது அடியில் எப்படிப் பொத்தென்று உட்கார்ந்தாள், உட்கார்ந்துவிட்டு ரோட்டைப் பார்த்து எப்படி "ம்மா" என்றாள். அருப்புக்கோட்டை வந்துவிட்டது. இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். முதலிலிருந்து சொன்னார்.