ஏறும் வாசலில் நின்றேன்

அன்பு மகளுக்கு, என் மிளகாய்க்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். படி ஏறும்போது முட்டி கொஞ்சம் முனகுகிறது, மற்றபடி பசிக்கிறது, தூக்கம் வருகிறது, குறை ஒன்றும் இல்லை. உனக்குச் சளி பிடித்திருந்ததாம், இப்போது விட்டுவிட்டதாம், அத்தை சொன்னாள். உன் சுகத்தை உன் வாயால் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது, ஆனாலும் என் அக்கா இருக்கும்வரை எனக்குச் செய்திப் பஞ்சம் வராது. வானொலி என்று நாம் வைத்த பெயர் இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. போன மாதம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு நாலு நாள் பேச முடியவில்லை, தெருவில் யாருக்கும் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டது. வீட்டில் சமையலறைக் குழாயை மாற்றியாச்சு. மாடி அறை ஜன்னலுக்குக் கொக்கி போட வேண்டும், தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். வேலையில் இருந்து ஓய்வு பெற்றாலும் லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் என்னை விடுவதாக இல்லை, பழைய மோட்டார் எங்காவது படுத்துவிட்டால் என்னிடம் வேலை பழகிய தாடி போன் பண்ணி, அண்ணே, இது உங்க காலத்து மோட்டார், உங்க பேச்சைத்தான் கேக்கும் என்கிறான். தேன் தடவிப் பேச அவனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நான் உன் ஊருக்கு வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தச் சனிக்கிழமை உன்னை நிற்க வைத்து ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் போனை நீ எடுப்பதில்லை, எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் எனக்கு உரிமை இல்லை, அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். நான் வந்தேன் அம்மா. மூன்று நாள் உன் ஊரில் இருந்தேன். இதை நீ நம்பினால் போதும், அதற்கு மேல் என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

சும்மா போய் அவ வாசல்ல நிக்காதே, அவளுக்குப் பத்திக்கிட்டு வரும், ஊர் சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லு, அப்போ ஒரு மணி நேரம் ஒதுக்குவா என்று அத்தைதான் யோசனை சொன்னாள். அவளே சுற்றுலாக் கம்பெனியில் பெயரும் கொடுத்துவிட்டாள். என் ஆயுசில் நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போனதே இல்லை. பெரிய கட்டடம் என்றால் பின்வாசல் வழியாகப் போய் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வருவேன், அவ்வளவுதான். பஸ்ஸில் மொத்தம் இருபத்தோரு பேர், பத்து ஜோடி, ஒற்றையாய் நான். என் பக்கத்து இருக்கை காலி என்றதும் எல்லோருடைய பையும் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. வழிகாட்டி கழுத்தில் விசில் மாட்டியிருந்தார், இறங்கச் சொல்ல ஒரு ஊதல், ஏறச் சொல்ல இரண்டு ஊதல். பாலத்தைப் பாருங்கள் என்றார், பார்த்தேன். ஆற்றைப் பாருங்கள் என்றார், பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தது ஜனங்கள்தான். எவ்வளவு ஜனங்கள்! சிக்னல் மாறியதும் ஒரு கூட்டம் அந்தப் பக்கம் போகிறது, ஒரு கூட்டம் இந்தப் பக்கம் வருகிறது, யாரும் யார் மேலும் இடிக்காமல். அத்தனை பேரில் ஒவ்வொரு முகமாக நான் பார்த்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு கூட்டத்தில் என் பெண் இத்தனை வருஷமாகத் தனியாக நடந்து வேலைக்குப் போய் வருகிறாளே என்று நினைத்துக்கொண்டேன். ஹோட்டல் அறையில் இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். உன் அம்மா இருந்திருந்தால் ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு என்று முதலில் போய் விழுந்திருப்பாள். நான் பையை அதன் மேல் வைத்துவிட்டுச் சுவர் பக்கம் படுத்தேன்.

சனிக்கிழமை காலை அருங்காட்சியகம் போகிற வழியில் பஸ் ஒரு சிக்னலில் நின்றது. இடது பக்கம் ஏதோ பழைய நீதிமன்றமாம், விசில்காரர் விளக்க ஆரம்பித்ததும் எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள். நான் வலது பக்கம் பார்த்தேன். அத்தை சொன்ன அடையாளம் அப்படியே இருந்தது, மருந்துக் கடை, அதை ஒட்டிக் கண்ணாடிக் கடை, வாசலில் பெரிய மூக்குக் கண்ணாடிப் படம், கண் சோதனை மாடியில் என்று அம்புக்குறி. மாடி ஜன்னலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. உன் கைதானா, வேறு யார் கையோ, தெரியாது. பச்சை விழும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி மாடி ஏறி, டாக்டரம்மா, எனக்குக் கிட்டத்துப் பார்வை மங்குது என்று வந்து உட்கார்ந்திருக்கலாம். நீயும் வேறு வழியில்லாமல் என் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்திருப்பாய். தைரியம் வரவில்லை. நாலு மணிக்குத்தான் பார்க்கப் போகிறோமே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இப்போது கோபுரத்துக் கதையைக் கேள். நாலு மணி, கோபுரத்தில் லிஃப்ட் வாசல், இதுதான் அத்தை இரண்டு பேரிடமும் சொன்னது. மூன்றரைக்கே போய்விட்டேன். எங்கள் கூட்டத்துக்கு நாலு மணிக்கு மேலே போக டிக்கெட். நான் வரவில்லை, என் பெண் வருகிறாள், அவளோடு அப்புறம் போகிறேன் என்றேன். ஐயா, நாலு மணி டிக்கெட் அஞ்சு மணிக்குச் செல்லாது, வாங்க, அரை மணி நேரத்துல இறங்கிடலாம், உங்க பொண்ணு எங்க போயிடப் போகுது என்று விசில்காரர் கெஞ்சாத குறை. நான் அசையவில்லை. நீ வரும்போது நான் அறுபதாவது மாடியில் இருந்தால் எப்படி? எல்லோரும் ஏறிப் போனார்கள். நான் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். கதவை இயக்கும் பெண், பெரியவர் கதவையே முறைக்கிறாரே என்று நினைத்தோ என்னவோ, என்ன விஷயம் என்று கேட்டாள். இடது கதவின் உருளை தேய்ந்திருக்கிறது, மூடும்போது கரகரக்கிறது, எழுதி வைத்துக்கொள் என்றேன். நீ வரும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது என்று ஏதாவது பேசிக்கொண்டிருந்தேன்.

நாலரை ஆனது, ஐந்து ஆனது. எங்கள் கூட்டம் ஏறியது ஏறியபடியே இருக்கிறது, ஒருவரும் இந்தக் கதவு வழியாக இறங்கி வரவில்லை. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் வேலை பார்த்தவன் நான். ஏற்றுகிற தளம் வேறு, இறக்குகிற தளம் வேறு என்று கூட்டம் கூடும் இடங்களில் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நானே இரண்டு இடத்தில் அப்படிப் பொருத்தியிருக்கிறேன். அன்றைக்கு மூளையில் அது உறைக்கவே இல்லை, உன் முகத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. நீயோ, அப்பா கூட்டத்தோடு ஏறியிருப்பார், எப்படியும் இறங்கித்தானே ஆக வேண்டும் என்று கீழ்த்தளத்தில் இறங்கும் வாசலில் போய் நின்றிருக்கிறாய். புத்திசாலி செய்கிற காரியம்தான். ஏறாமலே நிற்கிற மடையன் ஒருவன் இருப்பான் என்று நீ எப்படி எதிர்பார்ப்பாய். நமக்கு நடுவில் ஒரே ஒரு தளம். கொஞ்சம் நகர்ந்து தேடியிருக்கலாம் என்று அத்தை தலையில் அடித்துக்கொள்கிறாள். அவளுக்கு என்ன தெரியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் தானாக நெம்பிக்கொண்டு வெளியே வரப் பார்த்தால்தான் ஆபத்து, அதனால் வீட்டிலும் நான் சொல்லிக் கொடுத்தது அதுதான், தொலைந்தால் நின்ற இடத்தை விட்டு நகராதே, அப்பா வருவேன். நீ ஐந்து வயதில் கடைவீதியில் தொலைந்தபோது பக்கெட் அடுக்கு ஓரமாக ஒரு மணி நேரம் அழாமல் நின்றாய். அந்த அப்பனும் பெண்ணும் வேறு என்ன செய்வார்கள், ஆளுக்கு ஒரு தளத்தில் நகராமல் நின்றோம்.

போன் என் பையில்தான் இருந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவ வரலையாம்டா என்று அவள் சொல்லிவிட்டால் அதைக் காதால் கேட்க வேண்டுமே என்று பயம். ஆறு மணிக்குக் காவலர் வந்து, ஐயா, கடைசி ஆள் ஏறியாச்சு, கதவை மூடணும் என்றார். பஸ்ஸுக்குப் போனேன். தாமதப்படுத்திவிட்டேன் என்று திட்ட வந்த விசில்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறச் சொல்லி இரண்டு ஊதல் மட்டும் ஊதினார். முன் இருக்கை அம்மாள், நீங்க மேலே வரலையே, இந்தாங்க பாருங்க என்று போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். ரொம்ப நல்லா இருக்கு என்றேன். கண்ணில் நீர் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அத்தை பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். ஏன்டா, பிள்ளை இறங்குற வாசல்ல ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நின்னுட்டுப் போயிருக்கு, நீ எங்கடா தொலைஞ்சே என்றாள். நீ வந்தாய் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். நடந்ததை அவள் உன்னிடம் சொன்னாளாம், நீ, அப்பாவோட ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா அத்தை, இதுவும் அதுதான் என்றாயாம். அது எனக்குத் தைத்தது, ஏனென்றால் நீ சொன்னதில் தப்பே இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்களுக்கு முப்பத்தோரு வருஷம் நான் சொன்னது அது ஒன்றுதான், இதோ ரெண்டே நிமிஷம். ஒரு மணி நேர வேலை என்று எனக்குத் தெரிந்தாலும் ரெண்டு நிமிஷம்தான். உண்மையைச் சொன்னால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டிவிடும். அந்த வழக்கம் எனக்கு வேலையோடு நிற்கவில்லை, வீட்டுக்கும் வந்துவிட்டது.

அதைத்தான் இப்போது எழுத வேண்டும். உண்மையைச் சொல்லத்தான் உன் ஊருக்கு வந்தேன் என்று எழுதினால் எனக்கு அழகாக இருக்கும், ஆனால் அதுவும் பொய். பழைய கதையையே கொஞ்சம் மெதுவாகச் சொல்லி, மன்னித்துவிடு என்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் வந்தேன். அம்மா போன மறுநாள் நீ வந்து சேர்ந்தாய். முகம் பார்க்கக் கிடைத்தது, குரல் கேட்கக் கிடைக்கவில்லை. ஏன்பா எனக்குச் சொல்லலை என்றாய். உனக்குப் பரீட்சை நேரம், சொல்லாதீங்கன்னு அம்மாதான் சொன்னா என்றேன். கடைசியில்கூட என்னைக் கேட்கலையா என்றாய். இல்லைம்மா என்றேன். அதோடு நீ என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அம்மா சொல்லாதீங்க என்றது நிஜம். புதன்கிழமை மத்தியானம் அவளே, பிள்ளையைக் கூப்பிடுங்க, பாக்கணும் போல இருக்கு என்றாள். நான் வராந்தாவுக்குப் போய்ப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா தேறிவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன்னைக் கூப்பிட்டால் அவள் பிழைக்க மாட்டாள் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. உள்ளே வந்து, சொல்லிட்டேன், கிளம்பிட்டா, இதோ வந்துடுவா என்றேன். அவள் தலையை வாரிவிடச் சொன்னாள், இப்படிப் பார்த்தால் பிள்ளை பயந்துபோகும் என்று. வாரிவிட்டேன். அப்புறம் கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் கதவைப் பார்த்தே படுத்திருந்தாள். புதனன்று கூப்பிட்டிருந்தால் வியாழன் மாலை நீ அந்தக் கதவைத் திறந்து வந்திருப்பாய். அவளை நிம்மதியாக அனுப்பினேன் என்று மூன்று வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபுரத்தில் ஒரு கதவையே பார்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் நின்ற பிறகுதான் அவள் எப்படிக் கிடந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. இது அத்தைக்கும் தெரியாது. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

என் மேல் உனக்கு இருக்கும் கோபம் இதைப் படித்ததும் இரண்டு மடங்காகும், ஆகட்டும். மன்னிப்பு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனால் அம்மா உன்னைத் தேடவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நீ இனி ஒரு நாள்கூட வேலைக்குப் போகக் கூடாது. சளி விட்டுவிட்டது என்று ஈரத் தலையோடு வெளியே கிளம்பாதே. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. ஊரார் கண்ணை எல்லாம் பார்க்கும் உன் கண்ணுக்கு இனி அழுகிற வேலை வராமல் இருக்கட்டும், நீ நினைத்தது எல்லாம் கைகூடி, மனசுக்குப் பிடித்தவர்களோடு நூறு வருஷம் நன்றாக இரு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் சரி, ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மா உன்னைக் கேட்டாள். புதன்கிழமை நாலு தடவை கேட்டாள், வியாழக்கிழமை நான் எண்ணவில்லை.

இப்படிக்கு,
உனக்குப் பொய் சொன்ன, உன் ஊருக்கு நிஜமாகவே வந்த
அப்பா