ஒன்று வாங்கப் போய் இரண்டு வாங்கிய கதை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்கால் வலியையும் உங்கப்பாவின் பிடிவாதத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால் இங்கே எல்லோரும் சௌக்கியம்தான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அந்தக் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குழந்தைக்கு அடுத்த பல் முளைத்துவிட்டதா என்று எழுது. இதை ஏன் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே அடுத்த வேலைக்குப் போய்விடுவாய், இது பாதியில் விடுகிற சங்கதி இல்லை. உன் அம்மா ஒரு காரியம் சாதித்திருக்கிறாள், அதை நீ உட்கார்ந்து முழுசாகப் படித்தாக வேண்டும்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு உன் அறையில்தான் நான் கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறேன், ஜன்னலில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க வாசிக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எனக்கு வாசிப்பம்மா என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதில் சட்டம் படிக்கிற பெண் ஒருத்தி, அவளுடைய புத்தகங்கள் எந்த நூலகத்திலும் ஒலிப்பதிவாகக் கிடைக்கவில்லை என்று நானே வருஷக்கணக்காக ஒவ்வொன்றாக வாசித்து முடித்தேன். அவளிடம் இருப்பது ஒரு சின்ன பென் டிரைவ், ஒரு புத்தகத்தைக் கேட்டு முடித்து அழித்துவிட்டு அடுத்ததை வாங்கிப் போவாள். ஆக, எல்லாப் புத்தகமும் இருந்த ஒரே இடம் நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர். கடைசிப் பரீட்சைக்கு அத்தனையையும் திரும்பக் கேட்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த சமயம் பார்த்து அந்தக் கம்ப்யூட்டர் உள்ளே டக் டக் என்று பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. ரிப்பேர்க்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ள இருக்கற டிஸ்க் எப்ப வேணும்னாலும் போயிடும், முதல்ல எல்லாத்தையும் வெளிய ஒரு டிஸ்க்ல எடுத்து வச்சுக்கோங்கம்மா என்றார். என் புத்தகமென்றால் போகிறது, அது அவளுடைய பரீட்சை.

அப்போதுதான் நீ, நான் பணம் அனுப்பறேன், இருக்கறதிலேயே உசத்தியானதா வாங்கு என்றாய். இப்போதுதான் வீட்டுக் கடன் வாங்கியிருக்கிற பெண்ணிடம் கை நீட்ட எனக்கு மனசு வரவில்லை, மெத்தை மாற்றுவதற்காக நான் ஒதுக்கி வைத்திருந்த பணம் இருந்தது, அதற்குள் முடித்துவிடுவது என்று முடிவு கட்டினேன். மாப்பிள்ளை பாவம், மாசா மாசம் வாடகை கட்டி இன்டர்நெட்டிலேயே ஏற்றி வைக்கலாம் என்றார். என் குரலுக்கு வாடகை வீடு பார்க்கிற அளவுக்கு நமக்கு வசதி ஏது. தவிர, இங்கே வருகிற இன்டர்நெட்டின் வேகத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றி முடிப்பதற்குள் அந்தப் பெண் நீதிபதியே ஆகிவிடுவாள். இந்த நேரத்தில்தான் உன் சித்தப்பா வந்து சேர்ந்தார். உனக்குத்தான் தெரியுமே, எதையாவது அடிமாட்டு விலைக்கு வாங்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி பளபளவென்று ஒரு டிஸ்க், ஏதோ ஆன்லைனில் பிடித்தாராம், பதினாறு டெராபைட், விலை ஒரு ஜோடி செருப்பு விலை. உங்கப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, இன்னும் நூறு வருஷம் நீ வாசிச்சாலும் இடம் மிச்சம் இருக்கும் என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் ஏமாந்தேன் என்றே சொல்ல வேண்டும், மெத்தையும் மாற்றிவிடலாம் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் ஓடி ஓடி எல்லாம் அதில் ஏறியது, உங்கப்பா திறந்து பார்த்து ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் உரக்கப் படித்து, எல்லாம் வந்தாச்சு என்றார். சித்தப்பா அந்த நிமிஷமே கம்ப்யூட்டரின் வயர்களைப் பிடுங்கப் போனார், ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டச் சொல்வதற்கு.

அங்கேதான் உன் அம்மா நின்றாள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் இந்தப் பாடம் இத்துடன் முடிகிறது என்று ஒரு வரி சொல்லுவேன், யாருக்காவது கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கடைசி வரி கேட்கிறதா என்று பார்க்காமல் கொடுக்க மாட்டேன், ஏனென்றால் முன்பு ஒருமுறை ஒரு பாடம் பாதியில் அறுந்துபோய் ஒரு பிள்ளை அதைத்தான் முழுப் பாடம் என்று படித்துவிட்டுப் போயிருக்கிறான். வயரை விடுங்க, நான் கேக்கணும் என்றேன். அண்ணி, பேரெல்லாம் இருக்கு, அளவு கூடச் சரியா இருக்கு, இன்னும் என்ன கேக்கணும் என்று அவர் அலுத்துக்கொண்டார். பேர் இருந்தா ஆச்சா, பேச வேண்டாமா என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் புத்தகம் பேசியது. இரண்டாவதில் பாதி பேசியது. அதற்குப் பிறகு ஒன்று பாக்கியில்லாமல் ஊமை. ஒப்பந்தச் சட்டமும் ஊமை, சாட்சியச் சட்டமும் ஊமை. கம்ப்யூட்டர்தான் கோளாறு என்று சித்தப்பா சாதித்தார், அந்த டிஸ்க்கை ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனோம், அவருடைய கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். உள்ளே இருப்பது ஒரு துக்கடா, பதினாறு என்பது வெறும் வேஷம், இடம் தீர்ந்த பிறகும் வாங்கிக்கொள்கிற மாதிரி நடித்துப் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும், சரக்கைக் கீழே போட்டுவிடும் என்று அவர் விளக்கினார். உங்கப்பா வீட்டுப் படியேறும்போது, நீ சொன்னதுதான் சரி என்றார். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் இதை நான் எழுதி வாங்கியிருக்க வேண்டும். அதை விற்றவனிடம் சித்தப்பா சண்டை போட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டார், அந்த மட்டுக்கும் அவரைப் பாராட்ட வேண்டும்.

அப்புறம் யாரையும் நம்பாமல் நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் விலை கூடினதை எடுத்து வைத்தார், உள்ளே சுழலுகிற பாகமே கிடையாதாம், கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் ஏறிவிடுமாம். எனக்கு என்னப்பா அவசரம், நான் வாரத்துக்கு ஒரு தடவை ஏத்திட்டு பீரோவுல வைக்கப் போறேன் என்றேன். மெத்தைப் பணத்தில் அதில் ஒன்றுதான் வரும், சாதாரணமாகச் சுழலுகிற டிஸ்க் என்றால் இரண்டு வரும். கீழ விழுந்தா சாதாரணம் போயிடும்மா, இது தாங்கும் என்றார். நியாயமான பேச்சுதான், நானும் யோசித்தேன். பிறகு, மூணு வருஷம் வாரன்டின்னு போட்டிருக்கே, அதுக்குள்ள கெட்டுப்போனா உள்ள இருக்கறதைத் திருப்பிக் கொடுப்பீங்களா என்று கேட்டேன். அது முடியாதும்மா, வேற புது டிஸ்க் கொடுப்போம் என்றார். காலி டிஸ்க்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, என் பயமெல்லாம் உள்ளே இருப்பதைப் பற்றித்தான். அப்ப சாதாரணத்திலேயே ரெண்டு கொடுங்க, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு இருக்கும் என்றேன். நமக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அதுபோல் இரண்டு மடங்கு, அதற்குமேல் ஆசைப்படவில்லை, சீல் உடைக்காத பெட்டி, பில்லோடு வாங்கினேன். எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஒருவர் தன் கையிலிருந்த விலை கூடினதைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் அந்தம்மா வாங்கின மாதிரியே கொடுங்க என்றார். அந்த நிமிஷம் எனக்கு முழங்கால் வலியே இல்லை.

இரண்டிலும் ஏற்றி, நான் ஒன்றும் உங்கப்பா ஒன்றுமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாடத்தின் கடைசி வரியையும் கேட்டு முடித்தோம். ஒன்றைப் பீரோவில் வைத்தேன், இன்னொன்றை உன் அத்தை வீட்டில் கொடுத்து வைத்தேன், ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் திருடன் வந்தாலும் தண்ணீர் புகுந்தாலும் சேர்ந்துதானே போகும். அடுத்த வாரமே ஒரு காலையில் கம்ப்யூட்டர் கறுப்பாகி நின்றது, நின்றதுதான். ரிப்பேர்க்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தகவல் கேட்டு அந்தப் பெண் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பதறியடித்து ஓடி வந்தாள். நான் பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்து அவள் கையில் வைத்து, எல்லாம் இதுல இருக்கு, நான் கேட்டுப் பார்த்துட்டேன் என்றேன். அவள் அண்ணனின் லேப்டாப்பில் போட்டு நம் ஹாலிலேயே உட்கார்ந்து கேட்டாள், அவர்களெல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்பார்கள், என் குரல் அணில் கத்துகிற மாதிரி இருந்தது, அவள் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது எல்லாவற்றையும் படியெடுத்துக்கொண்டு போனாள்.

நேற்று ரிசல்ட் வந்தது. வகுப்பிலேயே அவள்தான் முதல். நம் வீட்டுக்கு நேரில் வந்து சொன்னாள். சாட்சியச் சட்டத்தில் எந்த வாக்குமூலம் செல்லாது என்று ஒரு கேள்வி வந்ததாம், இவள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதித் தருகிறவர் பேனாவோடு காத்திருக்க இவளுக்குப் பதில் மறந்தே போய்விட்டதாம். அந்தப் பாடத்தை நான் வாசிக்கும்போது பக்கத்து அறையில் உங்கப்பா ஊரே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல் போட்டிருக்கிறார், திரும்ப வாசிக்கச் சோம்பல்பட்டு நான் அதை அப்படியே விட்டிருக்கிறேன். அங்கிள் தும்மினது முதல்ல ஞாபகம் வந்தது, அதுக்கு அடுத்த வரி வந்தது, அப்புறம் பாடமே வந்துடுச்சு என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. உங்கப்பா நேற்றிலிருந்து தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, ஒரு வக்கீலை உருவாக்கியது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும், இந்த ஒரு தடவை நான் மறுக்கப் போவதில்லை.

குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ எல்லாம் உன் ஒரு போனில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இந்த வாரமே இரண்டு டிஸ்க் வாங்கிப் போட்டு வை, போட்ட பிறகு திறந்தும் பார். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்கு என் முத்தம்.

அன்போடு,
இன்னும் அதே பழைய மெத்தையில் நிம்மதியாகத் தூங்கும்
உன் அம்மா